கல்யாணமாகி 22 மாதம், முயற்சி எத்தனை மாதம்?

கேள்வி: எனக்கு வயது 26, வீட்டுக்காரருக்கு 30. திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். முந்தின வருடம் வைகாசியில் கல்யாணம், இப்போது 22 மாதம் ஆகிறது. அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் பக்கம் வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருப்பார். அங்கே மழை பிடித்துவிட்டால் ஒரு மாதம் வீட்டோடு இருப்பார். முதல் வருடம் அப்படி வந்தபோது, ஆடி மாதம் என்று என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். அடுத்த ஆடியில் நான் நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் சாப்பிட்டேன். அப்போது மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தது. நிறுத்தியதும் பழையபடி 35 நாள், சில சமயம் 40 நாள். உயரம் ஐந்தடி ஓரங்குலம், எடை 71 கிலோ. இப்போது வேறு இடத்தில் ட்யூப் டெஸ்ட் (கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், நேராக டெஸ்ட் ட்யூப் பேபிக்குப் போய்விடு என்கிறார். வீட்டுக்காரரை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னால், ‘எனக்கென்ன குறை?’ என்று கோபப்படுகிறார். 12-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாள் வரை சேர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, அத்தை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன தடவை அவர் வந்தபோது அந்த நாட்களில் எதுவும் நடக்கவே இல்லை. போன மாதம் நாத்தனார் வளைகாப்பில், என்னை மட்டும் வளையல் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குறை என்னிடம்தானா? முதலில் எங்கே, யாரிடம் போவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

22 மாதம் என்கிறீர்கள். அதில் ஆறு மாதம் மாத்திரை. அந்த மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு அட்டைக்கு 21 மாத்திரை இருந்து, பின்னால் ‘எத்தினில் எஸ்ட்ராடையால்’ என்று ஒரு பெயர் இருந்தால் அது கருத்தடை மாத்திரை. திடுக்கிட வேண்டாம், உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு மாதவிலக்கை ஒழுங்குபடுத்த நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதுதான் அது. ஆனால் அதைச் சாப்பிடும் மாதங்களில் கருமுட்டை வெளியே வராது, குழந்தையும் நிற்காது. இதை எழுதிக் கொடுப்பவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பல நேரம் சொல்வதில்லை, ஓ.பி. கூட்டத்தில் விட்டுப்போகிறது. ‘ஆறு மாதம் மருந்து சாப்பிட்டும் தங்கவில்லை’ என்று அழுதபடி வருகிற பெண்களில் பாதிப் பேரிடம் நான் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

ஆக, மிச்சம் 16 மாதம். அதில் அவர் ஊருக்கு வந்தது ஏறக்குறைய ஆறு தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நாள். மழைக்காலத்து ஒரு மாதமும் ஆடிக்குப் போய்விட்டது. (ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று அந்தக் காலத்தில் பிரித்து வைத்தார்கள். ஃபேனும் இல்லாமல் ஆஸ்பத்திரியும் இல்லாமல் வீட்டில் பெற்ற காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. வருடத்தில் ஒரே ஒரு மாதம் புருஷன் வீட்டில் இருக்கும் பெண்ணை அதே மாதத்தில் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.)

இனி உங்கள் உடம்பின் கணக்கு. கருமுட்டை வெளியே வந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆணின் உயிரணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் ஒரு மாதவிலக்குச் சுற்றில் கரு நிற்கக்கூடிய நாட்கள் மொத்தம் ஆறுதான்: முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். முட்டை வருவது 14-ஆம் நாள் என்று எல்லோரும் சொல்வது 28 நாள் சுற்றுக்கு. உண்மையில் அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி 14 நாள் எண்ண வேண்டும். உங்களுக்குச் சுற்று 35 நாள் என்றால் 21-ஆம் நாள் வாக்கில், 40 நாள் என்றால் 26-ஆம் நாள் வாக்கில் முட்டை வரும், அதுவும் வந்தால். அத்தை வட்டம் போட்ட 12 முதல் 16 வரையில் பெரும்பாலும் ஒன்றுமே நடந்திருக்காது. தப்பு அத்தையுடையது இல்லை. உங்கள் சுற்று எத்தனை நாள் என்று கேட்காமல் எல்லோருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொன்னவருடையது.

அவர் வந்த ஆறு தடவையில், வருகையும் அந்த ஆறு நாளும் ஒன்றாகப் பொருந்தியது எத்தனை முறை இருக்கும்? என் கணக்குக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். சேர்ந்து வாழ்ந்து முயற்சி செய்கிறவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் நிற்கும், மீதிப் பேரில் பாதிக்கு இரண்டாவது வருடத்தில். ‘குழந்தையின்மை’ என்ற சொல்லை மருத்துவர்கள் பயன்படுத்துவதே, கருத்தடை இல்லாமல் 12 மாதம் முறையாகச் சேர்ந்து வாழ்ந்தும் நிற்காதபோதுதான். உங்களுக்கு அந்த 12 மாதமே இன்னும் வரவில்லை. ஊர் எண்ணுவது கல்யாணத் தேதியிலிருந்து. நான் எண்ணுவது நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை.

அப்படியானால் சும்மா இருங்கள், தானாக நிற்கும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. மாதவிலக்கு 35 நாளைத் தாண்டுகிறது என்றால் சில மாதங்களில் முட்டை வராமலே இருக்கலாம். அப்படி ஒழுங்கற்று வருகிறவர்கள் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே போகலாம். வயது 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். உங்களுக்கு 26. அவசரம் இல்லை, அலட்சியமும் வேண்டாம்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். பெரிய விளம்பரப் பலகை வைத்த இடத்துக்கு முதலில் போக வேண்டியதில்லை. ஒரு மகப்பேறு மருத்துவர் போதும். நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மகளிர் மருத்துவப் பிரிவு ஓ.பி.யில் சீட்டு போட்டுப் பார்க்கலாம். ஒரே நிபந்தனைதான். போனால் இரண்டு பேரும் போக வேண்டும். அவர் வடக்கே இருக்கும்போது அத்தையோடு போய் வருவதை இத்தோடு நிறுத்திவிடுங்கள். பணமும் நாளும்தான் போகும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், குழந்தை நிற்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. தனியாகவோ, பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, உள்வழி ஸ்கேன், ட்யூப் டெஸ்ட், லேப்ராஸ்கோபி என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. ஆணுக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. சில நூறு ரூபாய் செலவு. ஊசி கிடையாது, வலி கிடையாது. நான்கு வருடம் வைத்தியம் பார்த்து, இரண்டு தடவை ட்யூப் டெஸ்ட்டும் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் கணவர் அதன்பிறகுதான் இந்தப் பரிசோதனைக்கு வந்தார். அறிக்கையில் உயிரணு பூஜ்யம். அந்த நான்கு வருடத்தை யார் திருப்பித் தருவது? உங்கள் ஊர் மலையில் சாமியே பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிறது. அடிவாரத்தில் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவது முழுக்கப் பெண்ணாகவே இருக்கிறது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். அவருடைய அறிக்கை கைக்கு வரும்வரை ட்யூப் டெஸ்ட் வேண்டாம். அவர் அடுத்த தடவை ஊருக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே எடுத்துவிடட்டும். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் தாம்பத்தியம் இல்லாத இடைவெளி வேண்டும். லேபில் தனி அறை இருந்தால் அங்கேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் லேப் தருகிற டப்பாவில் சேகரித்து, சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுபோகக் கூடாது, அதில் தடவியிருக்கும் பொருள் உயிரணுவைக் கெடுத்துவிடும்.

அறிக்கை வந்ததும் நீங்களே படித்துப் பயந்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு, அதில் 42 சதவீதம் அசைவு, 4 சதவீதம் சரியான வடிவம் இருந்தால் போதும். ஆமாம், நான்குதான். ‘96 சதவீதம் வடிவம் சரியில்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்றும் அர்த்தமில்லை. ஒரு உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையில் தெரியும். அதனால் குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கம்ப்ரசர் சூட்டில் நின்று வேலை செய்கிறார், ராத்திரி பகலாகப் போர்வெல் வேலை ஓடும், தூக்கம் தாங்க ஹான்ஸோ பான்பராக்கோ வாயில் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் உயிரணுவுக்கு ஆகாது, தினசரி குடியும் அப்படியே. விதைப்பைக்குத் தொடர்ந்து சூடு படுவதும் நல்லதில்லை. இவற்றை இன்றைக்கு விட்டால் பலன் தெரிய அந்த இரண்டரை மாதம் வேண்டும். ‘கவுன்ட் ஏற்றும்’ பவுடர், லேகியம் என்று எதையும் வாங்கித் தராதீர்கள். யாராவது ஆண்மைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்றால் கண்டிப்பாக வேண்டாம். அது உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

‘எனக்கென்ன குறை’ என்று அவர் கோபப்படுவது உண்மையில் பயம்தான். ஆண்மைக்கும் உயிரணு எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்பது பல ஆண்களுக்குத் தெரியாது. தாம்பத்தியம் நன்றாக இருக்கிறவருக்கும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம். ஃபோனில் சண்டை போட்டு இதைச் சாதிக்க முடியாது. ‘உங்க ரிப்போர்ட் நல்லா இருந்தா எனக்கு அந்த ட்யூப் டெஸ்ட்டே வேண்டாம்னு டாக்டர் சொல்லலாம், எனக்கு அதை நினைச்சா பயமா இருக்குங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. உங்கள் வலியைத் தவிர்க்க என்றால் செய்வார், தன் குறையைக் கண்டுபிடிக்க என்றால் செய்யமாட்டார்.

போன தடவை ‘எதுவும் நடக்கவே இல்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிற மனுஷன், கூடத்துக் காலண்டரில் தன் படுக்கையறைக்கு நாள் குறித்திருப்பதைப் பார்க்கிறார். காலையில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். உடம்பு ஒத்துழைக்காமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இது நோய் இல்லை. கட்டாயம் வந்தால் யாருக்கும் நடப்பது. வட்டம் போட்ட காலண்டரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் ஊரில் இருக்கும்போது தேதி பார்க்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும், எந்த நல்ல நாளும் தவறிப்போகாது. தினமும் என்று ஓட வேண்டாம். இரண்டு பேரும் நான்கு நாள் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போய் வந்தால் இன்னும் நல்லது. பிறகும் இதே சிரமம் தொடர்ந்தால், அல்லது சேரும்போது உங்களுக்குக் கடுமையான வலி இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்யாணமாகி வருடக்கணக்கில் ஒருமுறைகூட முழுமையாகச் சேராமல், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த தம்பதிகள் எங்கள் எல்லா ஓ.பி.யிலும் உண்டு.

சரி, உங்கள் பக்கம் வருவோம். நீர்க்கட்டி என்றால் கட்டி என்று நினைத்துவிடாதீர்கள். வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. ஸ்கேனை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ். (நீர்க்கட்டிப் பிரச்சினையின் மருத்துவப் பெயர்) என்று முத்திரை குத்தவும் கூடாது. ஆனால் உங்களுக்கு மாதவிலக்கும் தள்ளிப்போகிறது, அதனால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பால் சுரக்கும் ஹார்மோனான புரொலாக்டின், சர்க்கரை, இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறும் இப்படியே மாதவிலக்கைத் தள்ளிவிடும், அதைச் சரிசெய்வது எளிது. எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (பால்வினை நோய்க்கானது) பரிசோதனையும் இரண்டு பேருக்கும் எடுப்பார்கள். வழக்கமானதுதான், யார் மீதும் சந்தேகம் இல்லை.

எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம், அதாவது நான்கிலிருந்து ஏழு கிலோ குறைந்தால் பலருக்கு முட்டை தானாகவே வரத் தொடங்கும். பட்டினி கிடக்க வேண்டாம். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே தொடக்கத்துக்குப் போதும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கிவிடுங்கள், குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அது கரு நிற்கும் முன்பே தேவை. ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால் போட்டுவிட்டு ஒரு மாதம் தள்ளி முயற்சிக்க வேண்டும்.

அதன்பிறகும் முட்டை வரவில்லை என்றால் லெட்ரோசோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள். கூகுளில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று வரும், பயந்துபோய் எறிந்துவிடாதீர்கள். அதற்கும் தருவார்கள், பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு முட்டை வளரவும் இன்று முதலில் தருவது அதைத்தான். சில ஸ்கேன்கள் வைத்து முட்டை வளர்வதைப் பார்ப்பார்கள். உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் வரும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், அதை ஒட்டி மாதவிலக்கை வரவழைத்து மாத்திரையைத் தொடங்க முடியும். இப்படிச் சில மாதங்கள் பார்த்தும் நிற்கவில்லை என்றால் அப்போது ட்யூப் டெஸ்ட். மாதவிலக்கு நின்ற ஓரிரு நாளில் எடுப்பார்கள், மாதவிலக்கு வலி மாதிரி சிறிது நேரம் இருக்கும். ஆனால் முன்பு காசநோய் வந்திருந்தால், வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தால், மாதவிலக்கில் தாங்க முடியாத வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ட்யூப் டெஸ்ட்டை முன்னாலேயே எடுக்க வேண்டியிருக்கும்.

டெஸ்ட் ட்யூப் பேபி உங்கள் வாசலில் இப்போது நிற்கவே இல்லை. இரண்டு ட்யூபும் அடைத்திருந்தால், உயிரணு மிகக் குறைவாக இருந்தால் நேராக அங்கே போவதுதான் சரி, நானே அனுப்புவேன். எந்தச் சோதனையும் முடியாமல் போவது, மனை பார்க்கும் முன்பே வீடு கட்டக் கடன் வாங்குகிற மாதிரி. என்றைக்காவது போக வேண்டி வந்தால், 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்த மையம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். யாராலும் அந்த உத்தரவாதம் தர முடியாது.

வளைகாப்பு விஷயத்துக்கு மருந்துச் சீட்டில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. உங்களைத் தள்ளி நிறுத்தியவர்கள் செய்தது தப்பு, அவ்வளவுதான். அடுத்த விசேஷத்துக்குப் போக மனமில்லை என்றால் போக வேண்டாம், மரியாதைக்காகப் போய் அழுதுகொண்டு வரத் தேவையில்லை. ராத்திரியில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் நாட்கள் போனால் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

குறை என்னிடம்தானா என்ற கேள்விக்கு இப்போதைக்கு என் பதில்: முட்டை தாமதமாவது உங்கள் பக்கம், அது மருந்துக்குக் கட்டுப்படுவது. அவர் பக்கம் என்ன என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை.

இப்போது பங்குனி. வடக்கே மழை பிடித்து அவர் ஒரு மாதம் வீட்டில் இருக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சித்திரையில் வந்தாரென்றால் அவருடைய பரிசோதனையும் உங்கள் ரத்தப் பரிசோதனையும் முடிந்துவிடும். புகையிலையை அன்றைக்கே விட்டால் ஆடிக்குள் புது உயிரணு வந்திருக்கும், உங்களுக்கும் நான்கைந்து கிலோ இறங்கியிருக்கும். அத்தையிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவரையே சொல்லச் சொல்லுங்கள்: இந்த ஆடிக்கு நீங்கள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை.